பாகம் பிரித்த வண்டி

சொத்து என்று வந்துவிட்டால் வீட்டைப் பிரிப்பார்கள், நிலத்தைப் பிரிப்பார்கள், அம்மாவின் பாத்திரம் பண்டங்களைக்கூட ஆளுக்குப் பாதியாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். என் அண்ணனும் தம்பியும் ஒரு வண்டியைப் பிரித்தார்கள். வாரத்தில் பாதி நாள் உனக்கு, பாதி நாள் எனக்கு என்று முறை வைத்துக்கொள்ளவில்லை. அப்படிச் செய்திருந்தால் புத்தியுள்ளவர்கள் என்று சொல்லியிருப்பேன். ஸ்பேனரை எடுத்து போல்ட்டுகளைக் கழற்றி, என்ஜினையும் கியர்பாக்ஸையும் தம்பி எடுத்துக்கொண்டான். சேசிஸ், பாடி, ஸ்டியரிங், சக்கரம் எல்லாம் அண்ணனுக்கு. இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்த பாவத்துக்கு, பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவள் நான்.

அண்ணனுக்கு ஊரில் வைத்த பெயர் ‘ஒன்னாம் கியர்’. மலைப்பாதையில் எல்லா டிரைவரும் இரண்டாவது கியரில் சீறிக்கொண்டு ஏறும் இடத்தில் இவர் முதல் கியரைப் போட்டு நிதானமாக ஏறுவார். பேச்சும் அப்படித்தான். ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் நாம் ஒரு சட்டையை இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிடலாம். கோபமும் மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிட்டால் இறங்காது. நான் சலவைக் கடை வைத்திருக்கிறேன். மேலே கல் குவாரியில் வேலை செய்பவர்களின் சீருடை மூட்டைகள் அவர் வண்டியில்தான் ஏறும், இறங்கும். அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அதன் மூக்கில் ஒரு காட்டு ஆட்டின் தலை பதித்திருக்கும். அதனால் இங்கே எல்லோருக்கும் அது ‘ஆட்டு வண்டி’. கம்பெனி எங்கோ கடல் தாண்டி இருக்கிறது. அண்ணன் சொல்லிச் சொல்லி அதன் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பெரிய சண்டைக் காலத்தில் அந்தக் கம்பெனி பட்டாளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு செய்துகொண்டிருந்ததாம். சண்டை முடிந்ததும் பம்பை வாங்க ஆளில்லை. கொட்டகை நிறைய என்ஜின்கள். முதலாளி ஒன்றை எடுத்து நான்கு சக்கரத்தின் மேல் வைத்து, குண்டும் குழியுமாகக் கிடந்த நாட்டில் விவசாயிகளுக்கு விற்றுப் பார்த்தார். தகட்டை வளைக்க மெஷின் வாங்க வசதி இல்லை. அதனால் கதவு அலமாரிக் கதவு போலத் தட்டை, பானெட் மேஜை போலத் தட்டை. அந்த ஏழ்மையே பிறகு அதன் அழகு என்று ஆகிவிட்டது. முதல் வண்டியை மலையில் ஏற்றிப் பார்த்தபோது மேய்ந்துகொண்டிருந்த காட்டு ஆடுகள் ஒதுங்கி வழி விட்டனவாம், அதனால்தான் அந்த அடையாளமாம். இதை மட்டும் அண்ணன் நம்புவதில்லை. “ஆடாவது வழி விடறதாவது. கம்பெனிக்காரன் அளக்கறான்” என்பார்.

எங்கள் ஊருக்கு ஆட்டு வண்டிகள் வந்தது அணை கட்டும்போது. அண்ணன் அணை இன்ஜினியருக்கு டிரைவர். தம்பி அணை வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அணை முடிந்ததும் வண்டிகளை ஏலம் விட்டார்கள். அண்ணன் தான் ஓட்டிய அதே வண்டியைக் குறிவைத்தார். “அதுக்கு என்னென்ன வியாதின்னு எனக்குத் தெரியும். தெரியாத வண்டிய வாங்கறத விட தெரிஞ்ச நோயாளிய வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது மேல்” என்றார். இரண்டு பேரும் கையில் இருந்ததையெல்லாம் போட்டு வாங்கினார்கள். சந்தையிலிருந்து மேல் குடியிருப்புகளுக்கும் குவாரிக்கும் ஆளும் சரக்கும் ஏற்றினார்கள். அண்ணன் ஓட்டுவார், தம்பி பார்த்துக்கொள்வான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று வாய் ஓயாமல் ஊர் சொன்ன காலம் அது.

ஆட்டு வண்டி வைத்திருப்பது என்ன என்பதை வைத்திருக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் பெய்யும். வெயில் காலத்தில் டிரைவரின் கால் வேகும். நின்ற இடத்தில் எல்லாம் எண்ணெய் சொட்டும். அண்ணி வாசலில் மணல் தட்டு ஒன்றை நிரந்தரமாக வைத்திருந்தாள். யாராவது கிண்டல் செய்தால் அண்ணன், “சொட்டினா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்” என்பார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அண்ணன் வந்தால் எண்ணெய்க் கறை படிந்த கைதான் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். ஆனால் எந்த மழையிலும், எந்தச் சேற்றிலும் அது போகாமல் நின்றது என்று ஒரு நாள் கிடையாது. பிரசவ வலியில் மேலே இருந்து இறங்கிய எத்தனையோ பெண்கள் அந்த வண்டியைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஆட்டு வண்டிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாதையில் எதிரே இன்னொரு ஆட்டு வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்க வேண்டும். முன்பின் தெரியாதவராக இருந்தாலும், கடன்காரராக இருந்தாலும், சண்டைக்காரராக இருந்தாலும் தூக்க வேண்டும். அந்த மரியாதை ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. இது எந்தக் கம்பெனி புத்தகத்திலும் இல்லை, அவர்களாக வைத்துக்கொண்டது.

இனி, வண்டி இரண்டான கதை. இந்த வண்டியின் கிளட்ச்சுக்கு அடியில் ஒரு ஓட்டை இருக்கும். கசிகிற எண்ணெய் உள்ளே தேங்காமல் கீழே சொட்டிப் போவதற்காக வைத்தது. ஆற்றைக் கடக்கும்போது அந்த ஓட்டை வழியே தண்ணீர் ஏறிவிடும் என்பதால் அதற்கென்று கட்டைவிரல் பருமனில் ஒரு போல்ட் கொடுத்திருப்பார்கள். ‘தண்ணி போல்ட்’ என்று இங்கே பெயர். ஆற்றில் இறங்குமுன் திருக வேண்டும், ஏறியதும் கழற்ற வேண்டும். அந்த வருடம் விடாத மழை. தினமும் ஆறு, தினமும் வெள்ளம். யார் தினம் படுத்து எழுந்து திருகிக்கொண்டிருப்பது என்று மழை விடும்வரை அதை மாட்டியே வைத்தார்கள். மழை விட்டது. தம்பி கழற்றியிருப்பான் என்று அண்ணன் நினைத்தார். அண்ணன் கழற்றியிருப்பார் என்று தம்பி நினைத்தான். கசிந்த எண்ணெய் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, கிளட்ச் தட்டை நனைத்துவிட்டது.

குவாரி வளைவில் ஏறும்போது கிளட்ச் வழுக்கியது. என்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை, பின்னால் உருள ஆரம்பித்தது. அண்ணன் பிரேக்கை மிதித்து மேட்டில் மோதி நிறுத்தினார். எல்லோருக்கும் சிராய்ப்போடு போனது. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு மட்டும் முழங்கால் ஒரு மரப்பெட்டிக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது. ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தாள். கால் பிழைத்தது, ஆனால் அன்றிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

“வண்டியப் பாக்கறது உன் வேலை” என்றார் அண்ணன்.

“மழை விட்ட அன்னிக்கே வண்டியப் பாக்க வரட்டுமான்னு கேட்டேன், நான் பாத்துக்கறேன்னு சொன்னது யாரு?” என்றான் தம்பி.

“போல்ட்ட பத்தி சொல்லல.”

“போல்ட்டும் வண்டிலதான இருக்கு!”

இதற்கு மேல் புதிதாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. இதையே மாற்றி மாற்றிப் பேசினார்கள். கால் போனவள் கட்டிலில் படுத்தபடி, “என் கால்தான போச்சு, நான் கத்தலையே, உங்களுக்கு என்ன?” என்று கேட்டாள். அவள் பேச்சு யார் காதில் விழுந்தது? பட்டவளுக்கு இல்லாத கோபம் பார்த்தவர்களுக்கு வந்துவிட்டது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் இரண்டு பேர் தலையையும் சேர்த்து முட்டவைக்கலாம் போலிருக்கிறது.

ஊரில் பஞ்சாயத்து பேசும் சிமெண்ட் கடைக்காரர் நடுவில் உட்கார்ந்து பாகம் பிரித்து வைத்தார். வீடு அண்ணனுக்கு, வண்டி நிறுத்தும் கொட்டகையும் அதை ஒட்டிய மனையும் தம்பிக்கு. வண்டிக்கு வந்ததும் மாட்டிக்கொண்டது. ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவருக்கு விலை கொடுத்துவிடுங்கள் என்றார் கடைக்காரர். இரண்டு பேரும் ஒரே குரலில் மாட்டேன் என்றார்கள். “என்ஜின் நான் பிரிச்சுக் கட்டினது, அதத் தொட விடமாட்டேன்” என்றான் தம்பி. “அப்ப என்ஜின மட்டும் எடுத்துக்கிட்டுப் போ” என்றார் அண்ணன். கோபத்தில் சொன்ன வார்த்தை. அவன் எழுந்து போய் ஸ்பேனர் பெட்டியை எடுத்து வந்துவிட்டான்.

அன்று நடந்ததுதான் வேடிக்கை. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார்கள். அவன் கை நீட்டுவதற்கு முன் இவர் சரியான ஸ்பேனரை வைத்தார். இவர் சங்கிலியை இழுக்க, அவன் என்ஜினை வயிற்றால் தாங்கினான். அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் வேலை செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

வேறு கம்பெனி வண்டியாக இருந்திருந்தால் இரண்டு பேரும் சீக்கிரமே ராசியாகியிருப்பார்கள். பாதி வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் ஆட்டு வண்டியின் பெருமையே, எந்த வருடத்து வண்டிக்கும் எந்த வருடத்துச் சாமானும் பொருந்தும் என்பதுதான். அண்ணன் பால் பண்ணையில் செத்துக் கிடந்த ஒரு வண்டியின் என்ஜினை வாங்கி மாட்டினார். தம்பி தீயணைப்பு நிலையம் கழித்துப்போட்ட சேசிஸை வாங்கி என்ஜினை ஏற்றினான். ஒரு வண்டி இரண்டு வண்டியானது, ஒரு பாதையில் இரண்டும் ஓடின. நல்ல சாமான் செய்கிறவனும் சில நேரம் குடும்பத்தைக் கெடுப்பான்.

அப்புறம் வருடக்கணக்கில் அதே கதை. அவர் ஏறும்போது இவன் இறங்குவான். எதிரெதிரே வரும்போது இரண்டு கையும் தூக்கும். நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வாய் சும்மா இருக்காது.

“பேச்சு கிடையாது, கை மட்டும் எதுக்கு?” என்பேன்.

“வண்டிக்கு” என்பார்.

தம்பியைக் கேட்டால் அவனும் அதே பதில். இரண்டு பேருக்கும் ஒரே வாத்தியார் சொல்லிக்கொடுத்ததுபோல. வீட்டில் என்ன சமைத்தாலும் அண்ணி ஒரு தூக்கில் போட்டு என் கடைக்குக் கொடுத்தனுப்புவாள். தம்பி வந்து எடுத்துக்கொண்டு போவான். தூக்கு கழுவித் திரும்பி வரும். அண்ணனுக்கு இது தெரியும். தெரியாததுபோல இருப்பார். ஒரு நாள் தூக்கு வராமல் போனபோது, “அந்தத் தூக்கு எங்க?” என்று அவர்தான் முதலில் கேட்டார்.

இதற்கிடையில் கம்பெனி கைமாறியது. புது முதலாளி ஆட்டுத்தலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றிவிட்டான். ஊரில் கான்ட்ராக்டர் ஒருவர் புது மாடல் ஒன்றை வாங்கினார். சீட்டு தானாகச் சூடாகுமாம், கதவு தானாக மூடுமாம். சந்தையில் ஆட்டு வண்டிக்காரர்கள் கூடி நின்று அதற்குக் கை தூக்க வேண்டுமா வேண்டாமா என்று வாதம் செய்தார்கள். சொட்டாத வண்டி ஆட்டு வண்டியா என்றார் ஒருவர். கடைசியில் அண்ணன் தீர்ப்பு சொன்னார்: “மூக்குல ஆடு இருந்தா ஆடுதான். தூக்கு.” இவர் கை தூக்கியபோது கான்ட்ராக்டர், லிஃப்ட் கேட்கிறார் போல என்று நினைத்து வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணனுக்குக் கண் போக ஆரம்பித்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவரே சொன்னால்தானே? ஒரு நாள் பாதை ஓரத்தில் மூட்டையோடு நின்று நான் கையசைக்கிறேன், என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார். கத்தியதும்தான் நின்றார். அன்றே அண்ணி அவரை இழுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்ணுக்குள் அழுத்தம், ஓரத்திலிருந்து பார்வை மூடிக்கொண்டே வருகிறது, நடுவில் கொஞ்சம்தான் பாக்கி, அதுவும் நிற்காது என்று டாக்டர் சொன்னார். போனது போனதுதான், மருந்து மிச்சத்தைக் கொஞ்ச நாள் காப்பாற்றும், வண்டி ஓட்டக் கூடாது.

“இவ்வளவு நாள் எப்படி ஓட்டினீங்க?” என்று டாக்டர் கேட்டாராம்.

“பாதைய எனக்குத் தெரியும்” என்றாராம் இவர்.

வீட்டுக்கு வந்ததும் எங்களிடம் ஒரே ஒரு கட்டளை போட்டார். தம்பிக்குச் சொல்லக் கூடாது. பரிதாபப்பட்டு வருகிறவன் தனக்கு வேண்டாம் என்றார். கொஞ்ச நாளில் ஒரு டிரைவரை வைக்கிறேன், அதுவரை பாதையில் ஆள் குறைவான நேரத்தில் மெதுவாக ஓட்டுகிறேன் என்றார். அண்ணி சாவியைப் பிடுங்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். எங்கள் குடும்பத்திலேயே அவளுக்கு மட்டும்தான் புத்தி.

அண்ணி என்னைத் தனியாக அழைத்துப் போனாள்.

“உங்க அண்ணனுக்கு முழுசா இருட்டறதுக்குள்ள அவன் மூஞ்சியப் பாக்கணும். வாயத் தொறந்து சொல்லமாட்டார். எனக்குத் தெரியும்” என்றாள்.

“சொன்னாரா?”

“தூக்கத்துல பேர் சொல்லிக் கூப்பிடறார். போதாதா?”

சொல்லவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள்.

ஆட்டு வண்டிக் கம்பெனிக்கு ஆண்டு விழாவாம். ஒவ்வொரு நாட்டிலும் முதன்முதலில் இறங்கிய வண்டிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைத் தேடுகிறார்களாம். கிடைத்தால் கம்பெனி செலவிலேயே புதிதுபோல் ஆக்கி, சொந்தக்காரர்களோடு ஊர்வலம் விடுவார்களாம். சின்ன வயது, கழுத்தில் அடையாள அட்டை, நல்ல மரியாதை. வண்டிக்கு அடியில் தயங்காமல் படுத்து சேசிஸில் பொறித்த எண்ணைத் துடைத்துப் பார்த்தாள். எழுந்தபோது முகமெல்லாம் கிரீஸ், வாயெல்லாம் பல்.

“ஐயா, இது முதல் கப்பல்ல வந்த வண்டி! இது ஓடிட்டு இருக்குன்னே எங்க ஆளுங்களுக்குத் தெரியாது.” பிறகு பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு முகம் வாடினாள். “ஆனா என்ஜின் இது இல்லையே. பழைய என்ஜின் என்ன ஆச்சுங்க?”

அண்ணன் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார்.

“அது என் தம்பிகிட்ட இருக்கு” என்றார்.

அத்தனை வருடத்தில் ‘என் தம்பி’ என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை ‘அவன்’, இல்லாவிட்டால் ‘கொட்டகைக்காரன்’. நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“அப்ப ரெண்டையும் சேத்துட்டா போதுமே! அவர்கிட்ட கேக்கலாமா?” என்றாள் அந்தப் பெண்.

“கேளு. குடுத்தா வாங்கிக்கறேன். அவனே வந்து குடுக்கணும்.”

நான்தான் அவளைத் தம்பியிடம் அழைத்துப் போனேன். தம்பி வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி முழுவதையும் கேட்டான். எழுந்து, கை துடைத்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“ஒருதடவ திறந்து நம்பர் பாத்துக்கட்டுமா?” என்றாள் அவள்.

“வேணாம். அவரு வந்து கேக்கட்டும். கேட்டா திறக்கறேன்.”

“அவரு உங்கள வரச் சொல்றாரு…”

“அவரு மூத்தவரு. கேக்கற உரிமை அவருக்குத்தான் இருக்கு. வந்து கேக்கட்டும்.”

அவள் அங்கும் இங்குமாகச் சில நாள் நடந்தாள். ஒருவர் உடம்பைத் தரத் தயார், ஒருவர் உயிரைத் தரத் தயார். கொடுக்க இரண்டு பேருக்கும் ஆசை, போவதற்குத்தான் கால் வரவில்லை. “இவங்களுக்குள்ள என்னதாம்மா பிரச்சனை?” என்று என் கடையில் உட்கார்ந்து கேட்டாள். “ஒரு போல்ட்” என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். விழா நெருங்குகிறது, ஏதாவது ஆனால் சொல்லுங்கள் என்று தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று மாலை அண்ணன் என்னிடம், “வரலையா?” என்று மட்டும் கேட்டார். அவள் வரவில்லையா என்று கேட்டாரா, அவன் வரவில்லையா என்று கேட்டாரா, நான் விளக்கம் கேட்கவில்லை. இல்லை என்றேன்.

அந்த வாரமே அண்ணன் வண்டிக்குப் புது டிரைவர் வந்தார். நடுவயது மனிதர், சாந்தமானவர். முதல் நாள் வழியும் வழக்கமும் சொல்லிக்கொடுக்க நான் மூட்டைகளோடு கூடப் போனேன். எதிரே ஆட்டு வண்டி வந்தால் கை தூக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். குவாரி வளைவுக்குக் கீழே தம்பியின் வண்டி இறங்கி வந்தது. தம்பி கையைத் தூக்கினான். புது டிரைவரும் ஒழுங்காகத் தூக்கினார். தம்பியின் கை பாதியில் அப்படியே நின்றது. அடுத்த நொடி பிரேக் போட்டு, பாதையை அடைத்துக்கொண்டு வண்டியைக் குறுக்கே நிறுத்தினான்.

இறங்கி என் பக்கம் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, அவரு எங்க?”

இத்தனை வருடம் அடக்கிவைத்தது எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் பொங்கி வந்தது.

“எதுக்குக் கேக்கற? மரியாதை வண்டிக்குத்தான? வண்டி இதோ நிக்குது. நல்லா தூக்கு கைய. தூக்கிட்டுப் போ!”

“அக்கா, விளையாடாத. உடம்புக்கு ஏதாவதா?”

“கண்ணு போச்சுடா அவருக்கு! கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. சொல்லக் கூடாதுன்னாரு. சொல்லிட்டேன். இப்ப என்ன செய்யப்போற? அவரு வந்து கேக்கணுமா? எந்தக் கண்ண வெச்சிக்கிட்டு வருவாரு?”

அவன் திரும்பி நடந்தான். தன் வண்டியில் ஏறி அந்தக் குறுகலான பாதையிலேயே முன்னும் பின்னுமாக எடுத்து நேராக்கினான். மூட்டைகளை மேலே சேர்க்கும்படி புது டிரைவரிடம் சொல்லிவிட்டு நான் ஓடிப்போய் தம்பியின் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பின்னால் இரண்டு பெண்கள் தக்காளிக் கூடைகளோடு சந்தைக்குப் போக உட்கார்ந்திருந்தார்கள். சந்தை பக்கம் திரும்பாமல் வண்டி அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பியபோது ஒருத்தி கத்தினாள். “பேசாம உக்காரும்மா” என்றேன் நான். உட்கார்ந்தார்கள்.

அண்ணன் முன்முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலையில்லாத கை இரண்டும் மடிமேல் இருந்தன. வண்டி வந்து நின்றது. தம்பி இறங்கினான், ஆனால் வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. அண்ணன் தலையைத் திருப்பவில்லை.

“என்ஜின்ல டாப்பெட் சத்தம் ஜாஸ்தியா இருக்கு” என்றார், எதிர்ச் சுவரைப் பார்த்து.

தம்பி பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். “சூடு ஆறினா சரியாயிடும்” என்றான்.

“ஆகாது. இறுக்கணும்.”

“சரி.”

சத்தம் கேட்டு அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள். உள்ளே போய் இன்னொரு நாற்காலியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். தம்பி ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டான். அவன் கண் அவள் காலுக்குப் போய், உடனே வேறு பக்கம் திரும்பியது.

அண்ணனுக்கு ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கையைப் பிசைந்தான். பிறகு தலை குனிந்தபடியே ஆரம்பித்தான்.

“அண்ணே, ஒன்னு சொல்லணும். நீ நினைக்கற என்ஜின் எங்கிட்ட இல்ல. பிளாக்கு வெடிச்சிடுச்சு. ஒட்ட வெச்சுப் பாத்தேன், நிக்கல. பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். இப்ப இருக்கறது வேற. அதனாலதான் அந்தப் பொண்ணுக்குத் திறந்து காட்டல. உன் கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இதற்கா அத்தனை ரோஷம்!

“தெரியும்” என்றார் அண்ணன்.

“என்ன தெரியும்?”

“என்ஜின் மாத்தினது. வளைவுல நீ ஏறும்போது கேப்பேன் இல்ல? சத்தம் மாறிப் பல வருஷம் ஆச்சு.”

தம்பி நிமிர்ந்தான். கோபம்கூட வந்துவிட்டது அவனுக்கு.

“தெரிஞ்சுமா? அப்புறம் எதுக்கு எங்கிட்ட இருக்குன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்ன?”

அண்ணன் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

“வேற என்ன சொல்லி உன்னக் கூப்பிடறது?”

தெருப் பக்கம் தக்காளிக்காரிகள் இறங்கி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

“வாடான்னா வந்திருக்க மாட்டேனா?” என்றான் தம்பி.

“வந்திருப்பியா?”

தம்பி யோசித்தான். பொய் சொல்ல வாயெடுத்து நிறுத்தினான்.

“மாட்டேன்தான்.”

“ம்” என்றார் அண்ணன். பிறகு தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினார். “எங்க இருக்க? ஓரத்துல இருந்தா எனக்குத் தெரியாது. நேரா வந்து உக்காரு.”

தம்பி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தான்.